அப்பாவின் புல்லட்டுக்கு ஒரு சென்டர் ஸ்டாண்ட்



மலர் என்றால் கவிதை இருக்கும், காதல் இருக்கும், "நண்பா நீ எங்கே" என்று பிரிவுக் கண்ணீர் இருக்கும். எனக்கு அதெல்லாம் வராது. நான் மெக்கானிக்கல். எனக்குத் தெரிந்தது ஆக்ஸா பிளேடும் வெல்டிங் ராடும். அதனால் நானும் என் பெஞ்ச் தோழனும் சேர்ந்து மூன்று முறை செய்து, இரண்டு முறை தோற்ற ஒரு சாமானைப் பற்றி எழுதுகிறேன். இரண்டாவது தோல்விக்கு நாங்கள் கொடுத்த விலை கொஞ்சம் அதிகம். அது இன்னொருத்தருக்கு நேரக்கூடாது என்றுதான் இந்தக் கட்டுரை.

எதற்காகச் செய்தோம்?

எங்கப்பா பால்காரர். பொள்ளாச்சிப் பக்கம் ஊர் ஊராகப் பால் எடுத்துச் சொசைட்டிக்குக் கொண்டு போவார். வண்டி, தாத்தா காலத்து 350 புல்லட். 1955-ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு கம்பெனி வந்ததிலிருந்து நம்ம மாநிலத்து ரோட்டில் ஓடும் இனம். 346 சிசி, ஒற்றை சிலிண்டர். பின்னாடி இரண்டு பக்கமும் 40 லிட்டர் கேன். பாலும் கேனும் சேர்ந்து ஒரு பக்கத்துக்கு 50 கிலோவை ஒட்டி வரும்.

கேன் மாட்டும்போது வண்டி நேராக நிற்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியில் முதல் கேனை மாட்டிப் பாருங்கள், விஷயம் புரியும். ஆனால் எங்க வண்டியில் சென்டர் ஸ்டாண்டே இல்லை. வருஷக்கணக்கில் உழைத்து, மாட்டும் ஓட்டைகள் முட்டை வடிவில் தேய்ந்து, ஆட்டம் கண்டு, ஒருநாள் அப்பாவே அதைக் கழட்டி வீசிவிட்டார். கடையில் ரெடிமேடு வாங்கி மாட்டினோம். தேய்ந்த ஓட்டையில் அதுவும் லொடலொட என்று ஆடியது.

தினமும் விடிகாலை அம்மா வண்டியைப் பிடித்துக்கொள்ள, அப்பா கேன் மாட்டுவார். அப்பாவுக்கு இடுப்பில் டிஸ்க் தேய்மானம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. படிக்கிறது மெக்கானிக்கல், வீட்டில் இந்த நிலைமை!

ஸ்டாண்ட் எப்படி வேலை செய்கிறது?

தினமும் காலால் தட்டுகிறோம், யோசித்துப் பார்த்ததில்லை. ஸ்டாண்டின் மேல்முனை வண்டியின் அடியில் ஒரு பிவட் போல்ட்டில் தொங்குகிறது. மடக்கி இருக்கும்போது கால்கள் பின்சக்கரத்தைப் பார்த்து நீட்டியிருக்கும். மிதித்து இறக்கினால் பாதம் முதலில் பிவட்டுக்குப் பின்னால் தரையைத் தொடும். மேலும் மிதித்தால் வண்டி பின்னோக்கி நகர்ந்து, மேலே ஏறி, கால் செங்குத்தாகும்போது உச்சத்துக்கு வரும். அதோடு நின்றால் எந்தப் பக்கமும் சாயும். அதனால் உச்சியைத் தாண்டிக் கொஞ்சம் போய், பாதம் பிவட்டுக்கு முன்னால் வந்ததும் ஒரு ஸ்டாப்பரில் முட்டி நிற்கும். இனி வண்டியின் எடையே ஸ்டாண்டைப் பூட்டி வைக்கும். எடுக்க வேண்டுமானால் வண்டியை முன்னால் தள்ளி மறுபடி அந்த உச்சியைத் தாண்ட வைக்க வேண்டும்.

ஆக, ஸ்டாண்டின் உயிர் காலில் இல்லை, ஸ்டாப்பரில் இருக்கிறது. இதை நாங்கள் தெரிந்துகொண்டது பிற்பாடு!

முதலில் அளவு

அரிசி மண்டி பிளாட்பாரத் தராசில் வண்டியை ஒவ்வொரு சக்கரமாக ஏற்றினோம். ஒரு சக்கரம் தராசில் இருக்கும்போது மற்றதன் அடியில் அதே உயரத்துக்குப் பலகை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு பொய் சொல்லும்.

முன்சக்கரம் 80 கிலோ, பின்சக்கரம் 100 கிலோ, மொத்தம் 180. இரண்டு ஆக்ஸிலுக்கும் இடையே 1370 மி.மீ. மொமென்ட் எடுத்தால் சென்டர் ஆஃப் கிராவிட்டி பின் ஆக்ஸிலிலிருந்து 80 × 1370 / 180 = 609 மி.மீ. முன்னால்.

எங்கள் ஸ்டாண்டின் பாதம் தரையில் ஊன்றும் இடம் பின் ஆக்ஸிலுக்கு 500 மி.மீ. முன்னால். அதாவது எடை மையம் பாதத்தைவிட 109 மி.மீ. முன்னே இருக்கிறது. அதனால் வண்டி முன்பக்கம் அமர்ந்து பின்சக்கரம் எழும்பும். அப்போது முன்சக்கரத்தில் 180 × 109 / 870 = சுமார் 23 கிலோ. மீதி 157 கிலோ ஸ்டாண்டின் தலையில். (கிலோவாகவே எழுதுகிறேன். நியூட்டன் வேண்டுவோர் 9.81-ஆல் பெருக்கிக்கொள்ளவும்!)

முதல் ஸ்டாண்ட்: குட்டை

பின்சக்கரம் 40 மி.மீ. தூக்கினால் போதும் என்று முடிவு செய்தோம். வண்டி முன்சக்கரத்தை ஊன்றித்தான் எழும்பும். முன் ஆக்ஸிலிலிருந்து பிவட் 910 மி.மீ. அப்படியானால் பிவட் 40 × 910 / 1370 = 27 மி.மீ. உயர்ந்தால் போதும். கணக்கு சரி, பைப்பை அறுத்தோம், செய்தோம், மாட்டினோம். அப்பா மிதித்தார். நின்றது. சக்கரத்தைச் சுற்றினால் சுற்றவில்லை!

என்ன மறந்தோம்? ஷாக் அப்சார்பர். தரையில் நிற்கும்போது வண்டி எடைக்கு ஸ்பிரிங் 30 மி.மீ. அமுங்கியிருக்கிறது. ஃபிரேமைத் தூக்கினால் சக்கரம் உடனே கூடவே வராது. முதலில் 30 மி.மீ. கீழே தொங்கும், அப்புறம்தான் தரையை விடும். கணக்குப்படி மிச்சம் 10 மி.மீ. எங்க வாசல் மண் தரையில் பாதம் புதைந்து அதையும் தின்றுவிட்டது.

திருத்திய கணக்கு: ஃபிரேம் பின்னால் 40 + 30 = 70 மி.மீ. எழும்ப வேண்டும். பிவட்டில் 70 × 910 / 1370 = 46 மி.மீ. பிவட்டின் சாதாரண உயரம் 250, ஆக நிற்கும்போது 296. பாதம் 40 மி.மீ. முன்னே தாண்ட வேண்டும். பிதாகரஸ் போட்டால் காலின் நீளம் 299 மி.மீ. பாதத்தின் அடியில் 50 × 6 பட்டையில் அகலமான தட்டு வைத்தோம், மண்ணில் புதையாமல் இருக்க.

இரண்டாவது ஸ்டாண்ட்: விழுந்தது

இது அழகாக நின்றது. சக்கரம் காற்றாடி மாதிரிச் சுற்றியது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. என் பெஞ்ச் தோழன் "மாப்ளே, பாருடா சிம்மாசனம்" என்று சொல்லி, பில்லியன் சீட்டில் தொம் என்று உட்கார்ந்தான்.

டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கால்கள் முன்னால் ஓட, பின்பக்கம் இறங்கி, வண்டி பக்கவாட்டில் சாய்ந்தது. அவன் கணுக்கால் அடியில். ஐந்து பேர் சேர்ந்து தூக்கினோம்.

எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த செமஸ்டர் பிராக்டிகல் அவனால் எழுத முடியவில்லை. அரியர் இல்லாத பையன் என்று எங்க வகுப்பில் பேர் எடுத்தவன் அவன். அவங்கம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "நீயும் சாப்பிட்டுப் போ கண்ணு" என்றார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

மறுநாள் உடைந்த ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு ஒர்க் ஷாப் இன்ஸ்ட்ரக்டர் சாரிடம் போனேன். திட்டப் போகிறார் என்று நின்றேன். அவர் ஸ்டாண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, கால் வளைஞ்சிருக்கா? போல்ட் வெட்டிருக்கா? இல்லையே. ஸ்டாப்பர்தானே பிஞ்சிருக்கு. அதுல எவ்வளவு லோடு வருதுன்னு கணக்குப் போட்டியா?" என்றார். போடவில்லை. சாக்பீஸைக் கொடுத்து, "போடு" என்றார்.

தரையில் சாக்பீஸால் போட்ட கணக்கு

காலைப் பற்றி நாங்கள் ரொம்பக் கவலைப்பட்டிருந்தோம். ஒரு அங்குல பிளாக் பைப், கனம் 3.2 மி.மீ. வெட்டுப் பரப்பு சுமார் 306 சதுர மி.மீ. ஒரு காலுக்கு 110 கிலோ வந்தாலும் ஸ்ட்ரெஸ் 3.5 நியூட்டன்/சதுர மி.மீ. தான். மைல்டு ஸ்டீல் 250 வரை தாங்கும். பைப் நம்மைப் பார்த்துச் சிரிக்கும்!

இப்போது ஸ்டாப்பர். பாதம் பிவட்டுக்கு 40 மி.மீ. முன்னால் இருக்கிறது. நாங்கள் ஸ்டாப்பர் வைத்தது பிவட்டிலிருந்து வெறும் 35 மி.மீ. தள்ளி. காலி வண்டிக்கே 157 × 40 / 35 = 179 கிலோ, அதாவது கிட்டத்தட்ட முழு வண்டியின் எடை!

நண்பன் 75 கிலோ. அவன் உட்கார்ந்த இடம் பாதத்துக்கு 250 மி.மீ. பின்னால். 75 × 250 = 18,750. வண்டியின் முன்பக்க மொமென்ட் 180 × 109 = 19,620. இரண்டும் கிட்டத்தட்டச் சமம். முன்சக்கரத்தில் மிஞ்சுவது 1 கிலோ. ஆக 255 கிலோவும் ஸ்டாண்டின் மேலேயே. ஸ்டாப்பரில் 255 × 40 / 35 = 291 கிலோ. அவன் மெதுவாக உட்காரவும் இல்லை. சடனாக வைத்த லோடு, மெதுவாக வைத்ததைப்போல் இரண்டு மடங்கு ஸ்ட்ரெஸ் தரும் என்று ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் எழுதி மார்க் வாங்கியவன் நான்! இத்தனையையும் தாங்க அங்கே நான் வைத்திருந்தது இரண்டே இரண்டு டாக் வெல்டு. "முழு வெல்டு அப்புறம் வைச்சுக்கலாம்" என்று விட்டது.

சார் கணக்கைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "டாக் வெல்டுங்கறது ஜாமானை இடத்துல பிடிக்கறதுக்கு, ஆளைத் தாங்கறதுக்கு இல்ல." அதை நான் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

மூன்றாவது ஸ்டாண்ட்: நின்றது, நிற்கிறது

செய்த மாற்றங்கள்:

1. ஸ்டாப்பரைப் பிவட்டிலிருந்து 60 மி.மீ. தள்ளி வைத்தோம். ஒருவர் உட்கார்ந்தாலும் 255 × 40 / 60 = 170 கிலோ. அதையும் இரண்டு காலிலும் ஒவ்வொன்றாக இரண்டு ஸ்டாப்பராகப் பிரித்தோம். ஒவ்வொன்றும் இரண்டு பக்கமும் முழு வெல்டு. 10 கேஜ் ராடு, கசடைத் தட்டிப் பார்த்து, ஓட்டை இருந்தால் தேய்த்துவிட்டு மறுபடி.

2. வண்டியின் ஃபிரேமில் வெல்டிங் வைக்கவே இல்லை. சூடுபட்ட பைப் ஓடும் வண்டியில் விரிசல் விட்டால் ஆளுக்கே ஆபத்து. தேய்ந்த ஓட்டைகளை ரீமர் போட்டு வட்டமாக்கி, புஷ் கடைந்து இறுக்கி, போல்ட்டில் மாட்டினோம். நைலாக் நட்டு, கிரீஸ் வைக்க வழி.

3. பாதங்களுக்கு இடையே அகலம் 320 மி.மீ. ஒரு கேன் மட்டும் மாட்டியிருக்கும்போது வண்டி பக்கவாட்டில் கவிழாமல் இருக்க இந்த அகலம் அவசியம்.

4. மடக்கி வைக்க இரண்டு ஸ்பிரிங். ஒன்று அறுந்தாலும் மற்றது பிடிக்கும். ஓடும்போது ஸ்டாண்ட் தொங்கி ஸ்பீடு பிரேக்கரில் மாட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

5. ஜி.ஐ. பைப் உபயோகிக்கவில்லை. துத்தநாகப் பூச்சு வெல்டிங்கில் எரிந்து வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் ராத்திரி காய்ச்சல் வரும். பிளாக் பைப்தான் போட்டோம், பிறகு ரெட் ஆக்ஸைடு அடித்துப் பெயிண்ட்.

மாட்டியதும் யாரும் உட்காரவில்லை. மணல் மூட்டையை வைத்து ஒரு ராத்திரி முழுக்க விட்டோம். காலையில் வெல்டைத் துடைத்து லென்ஸ் வைத்துப் பார்த்தோம். நண்பன் கட்டுப்போட்ட காலோடு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து மேற்பார்வை.

ஏற்றுவது எப்படி?

நிறையப் பேர் பின்கைப்பிடியைப் பிடித்து முக்கித் தூக்குகிறார்கள். இடுப்பு போவது அதில்தான். கணக்கைப் பாருங்கள்: பிவட் உச்சிக்குப் போக 49 மி.மீ. உயர்கிறது. எடை மையம் உயர்வது சுமார் 41 மி.மீ. தேவையான வேலை 180 × 9.81 × 0.041 = 72 ஜூல். 60 கிலோ ஆள் ஸ்டாண்டின் மிதியில் ஏறி நின்று, அது 20 செ.மீ. இறங்கினால் கிடைப்பது 118 ஜூல். அதாவது உங்கள் எடையே போதும். கை, வண்டியை நேராகப் பிடிக்கவும் வழிகாட்டவும் மட்டும்.

- கெட்டியான சமதரை. நியூட்ரல். பிரேக் பிடிக்காதீர்கள். வண்டி பின்னால் நகர்ந்தால்தான் ஏறும். எங்கள் வண்டி 204 மி.மீ. நகர்கிறது. பின்னால் சுவர் இருந்தால் ஏறவே ஏறாது.
- வண்டியை நேராக நிமிர்த்தி, இரண்டு பாதமும் ஒரே நேரத்தில் தரையைத் தொடுகிறதா என்று பாருங்கள். ஒரு பாதம் மட்டும் தொட்டால் வண்டி முறுக்கிக்கொண்டு சாயும்.
- முழு எடையையும் மிதியில் இறக்குங்கள்.
- முடியாத வயதானவர்களுக்கு ஒரு வழி: பின்சக்கரத்தை 20 மி.மீ. பலகையில் ஏற்றிக்கொண்டு மிதிக்கலாம். ஏற வேண்டிய உயரத்தில் கால் பங்குக்கு மேல் குறையும். பலகை பின்னால் ஒரு அடி நீண்டிருக்க வேண்டும்.
- முன்பக்கம் சரிவான தரையில் போடாதீர்கள். எங்கள் ஸ்டாண்ட் உச்சியைத் தாண்டி நிற்பது சுமார் 8 டிகிரிதான். சரிவு அதைத் தின்னத் தின்ன, ஒரு சின்னத் தள்ளலுக்கே இறங்கிவிடும்.

முன்சக்கரம் தூக்க?

பின்சக்கரம் தானாக எழும்புகிறது. முன்சக்கரத்தில் பஞ்சர் என்றால்? 19,620 என்ற மொமென்ட்டைப் பின்னால் இருந்து வெல்ல வேண்டும். பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே 19,620 / 500 = 39 கிலோவுக்கு மேல் வைத்தால் போதும். அப்பா என்ன செய்கிறார் தெரியுமா? ஒரு கேனில் தண்ணீர் நிரப்பிப் பின்னால் மாட்டுகிறார். முன்சக்கரம் மெதுவாக எழும்புகிறது! எந்தப் புத்தகமும் படிக்காமல் இரண்டாவது நாளே கண்டுபிடித்துவிட்டார்.

ஆனால் கவனம். சக்கரம் திரும்ப மாட்டி நட்டு இறுக்கும்வரை அந்தக் கேனை யாரும் எடுக்கக்கூடாது. எடுத்தால் ஃபோர்க் தரையில் குத்தும். பாதுகாப்புக்கு எஞ்சின் அடியில் ஒரு மரக்கட்டை கட்டாயம். பின்சக்கரத்தைக் கழட்டும்போது கேன் இருக்கவே கூடாது. இரண்டு சக்கரத்தையும் ஒரே நேரத்தில் கழட்டும் வேலை இந்த ஸ்டாண்டுக்கு இல்லை.

இன்னொரு வேடிக்கை: ஒரு கேன் மாட்டினாலும் இரண்டு மாட்டினாலும் ஸ்டாண்டின் மேல் வரும் எடை 219 கிலோவைத் தாண்டுவதில்லை. முன்பக்கம் எழும்பிய பிறகு பின் ஆக்ஸில் மேல் வைக்கும் எடை எல்லாம் நேராகப் பின்சக்கரத்துக்கே போய்விடுகிறது. நண்பன் உட்கார்ந்த இடம்தான் மோசமான இடம். கேன் இருக்கும் இடம் நல்ல இடம். மொமென்ட் போட்டுப் பாருங்கள், உங்களுக்கே வரும்.

கடைசியாக ஒன்று. பின்சக்கரம் எழும்பி நிற்கும்போது எஞ்சினை ஓட்டி, கியர் போட்டு, துணியால் செயின் துடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். துணி மாட்டினால் விரலும் கூடப் போகும். எஞ்சினை நிறுத்துங்கள். கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். செயின் சுத்தமாக இன்னும் பத்து நிமிஷம் ஆகும், அவ்வளவுதானே.

முடிவாக...

மூன்றாவது ஸ்டாண்ட் போட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. மாதம் ஒருமுறை வெல்டைத் துடைத்துப் பார்க்கிறேன், கிரீஸ் வைக்கிறேன். நண்பன் அடுத்த செமஸ்டரில் பிராக்டிகல் எழுதி பாஸ் செய்துவிட்டான். மூன்றாவது ஸ்டாண்டின் டிராயிங் அவன் போட்டதுதான். மலரில் படம் போட இடமில்லை என்று செயலாளர் சொல்லிவிட்டதால், வேண்டுவோர் எங்கள் பெஞ்சில் வந்து பார்க்கலாம். மழை வரும்போது கணுக்கால் வலிக்கிறது என்று அவன் சொல்வான். சிரித்துக்கொண்டேதான் சொல்வான். நான் சிரிப்பதில்லை.

இப்போது விடிகாலையில் அம்மா வண்டியைப் பிடிக்க எழுந்து வருவதில்லை. "டக்" என்று ஸ்டாண்ட் ஸ்டாப்பரில் முட்டும் சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நொடி மூச்சு நிற்கும். அப்புறம் கேன் மாட்டும் சத்தம் வரும், புல்லட் கிளம்பும், திரும்பப் படுப்பேன்.

நண்பர்களே, ஒர்க் ஷாப்பில் நாளைக்கு எதையாவது டாக் வைத்துவிட்டு "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று நினைத்தால், தயவுசெய்து இந்தக் கட்டுரையை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கை முதலில் போடுங்கள். வெல்டை முழுசாக வையுங்கள். ஆளை ஏற்றுவதற்கு முன் மூட்டையை ஏற்றுங்கள்.



— மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்